இன்னும் கொஞ்சம் தள்ளி

தள்ளிப்பார்ப்போர் என்றொரு இனம் நம் நடுவே நடமாடிக்கொண்டிருக்கிறது. நடமாடி என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவர்களால் உட்கார முடியாது.

வாசகரே, இந்த இனத்தில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியும். காலிப் பேருந்தில் உங்களுக்குப் பின்னால் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, உடனே எழுந்து அடுத்த ஜன்னலுக்குப் போய், அங்கே கண்ணாடி சரியாக மூடவில்லை என்று மூன்றாவதற்கு மாறி, அது சக்கரத்துக்கு மேலே இருப்பதைக் கண்டுபிடித்து, முதல் இருக்கைக்கே திரும்பி வந்து, அதற்குள் அங்கே வேறொருவர் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து, "சே, அதுதான் நல்ல சீட்டு" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். ஓட்டலில் தனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைத் தட்டைப் பார்ப்பவர் அவர். தொலைக்காட்சியில் நூறு சேனலையும் ஒவ்வொன்றாக மூன்று விநாடி பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒண்ணும் நல்லதா போடலை" என்று தூங்கப் போகிறவரும் அவரே.

கெட்டவரா? இல்லவே இல்லை. கோபம் வராது, குரல் உயராது. கையில் இருப்பதை மோசம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்பார். சொல்லும்போதே கழுத்து எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். பிறகு அந்த இனத்தின் தேசிய கீதம் வரும்: "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாப்போமே."

எவ்வளவு தள்ளி? அதை மட்டும் கேட்காதீர்கள்.

இந்த இனத்தை நான் தொழில்முறையாகவே கவனித்து வருகிறேன். ஒரு கண் மருத்துவமனையில், ஜன்னல் இல்லாத பரிசோதனை அறையில் எனக்கு வேலை. காலால் மிதித்தால் உயரும் நாற்காலி ஒன்று, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை, நடுவில் அக்கா. அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. பதினான்கு வருடங்களாக அந்த அறையில் ஊர்க் கண்களுக்கெல்லாம் பவர் பார்ப்பவர். அவர் சொல்லும் எண்களை அட்டையில் எழுதுவது என் பங்கு. எழுதிக்கொண்டே தொழிலையும் கற்றுக்கொள்கிறேன்.

பரிசோதனை மிக எளிது. நோயாளியின் மூக்கில் ஒரு கனமான சட்டத்தை மாட்டி, அதில் ஒரு லென்ஸைப் போட்டு, "இது தெளிவா இருக்கா?" என்று கேட்க வேண்டும். அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இல்ல, இது தெளிவா இருக்கா?" என்று கேட்க வேண்டும். நம்மைப் போன்றவர்கள் "ரெண்டாவது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவோம். தள்ளிப்பார்ப்போர் போகமாட்டார்கள். நாற்காலியில் நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல்ல இருந்ததை இன்னொரு தடவை காட்டுங்க" என்பார்கள். காட்டினால், "ரெண்டாவதை." காட்டினால், "இதுக்கும் அதுக்கும் நடுவுல ஏதாவது இருக்கா?" வெளியே இருபது பேர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள்.

இவர்களுக்காக அக்கா ஒரு வித்தை வைத்திருக்கிறார். பாடப் புத்தகத்தில் இல்லாத வித்தை. போட்டிருக்கும் லென்ஸை எடுப்பார். பெட்டிக்குள் கையை விட்டு வேறு எதையோ தேடுவதுபோலச் சலசலவென்று சத்தம் எழுப்புவார். பிறகு அதே லென்ஸைத் திரும்பப் போடுவார்.

"இப்ப?"

"ஆங்! இதுதாங்க! இதை மொதல்லயே போட்டிருக்கலாமே!"

அக்காவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. என் பக்கம் திரும்பி எண்ணைச் சொல்வார். நான் எழுதுவேன். நோயாளி ஏதோ போராடி ஜெயித்தவரைப்போல எழுந்து போவார்.

இந்த அக்காவுக்கு வாய்த்த வீட்டுக்காரர், தள்ளிப்பார்ப்போர் இனத்தின் தலைமகன். தண்ணீர்ப் பம்பு செய்யும் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். ஒரு பெட்டி ஆணி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலைப்பட்டியல் கேட்டாக வேண்டிய வேலை. இனத்துக்கேற்ற வேலை கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? எங்கள் மருத்துவமனையில் அவர் பெயர் 'மூணு கொட்டேஷன்'. அது அக்காவே வைத்த பெயர்.

ஒருமுறை நான் கேட்டேவிட்டேன். "எல்லாத்துலயும் இப்படின்னா, உங்களை எப்படிக்கா கட்டிக்கிட்டார்?"

"பேசி முடிச்ச அன்னிக்கு அவருக்கு நல்ல காய்ச்சல்" என்றார் அக்கா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வியாழக்கிழமை, எங்கள் பெரிய டாக்டர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். ரயிலில் நாலு மணி நேரத் தொலைவில் உள்ள ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே பரிசோதனைப் பிரிவு முழுவதையும் அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும். தனி அறை, அவருக்குக் கீழே நாலு பேர், கதவில் அவர் பெயர். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லிடும்மா. உன்னால முடியாதுன்னா அடுத்த ஆளைக் கேக்கணும்." பதினான்கு வருடம் ஜன்னல் இல்லாத அறையில் நின்றவருக்கு இது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று மத்தியானம் அக்கா ஒரு நோயாளிக்கு இடது கண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டு வலது கண்ணை மறந்துவிட்டார்.

வீட்டில் சொல்ல முடியாது. இரண்டு அறை வீட்டில் மாமியார், மச்சினர், மச்சினரின் குடும்பம், ஓயாத தொலைக்காட்சி. அங்கே ஒரு வார்த்தை பேசினால் ஆறு பேர் பதில் சொல்வார்கள். வீட்டுக்காரரிடம் போகிறபோக்கில் சொல்லவும் கூடாது. சொன்னால், "நல்லாத்தான் இருக்கு. பாப்போம், இதைவிட நல்லதா வரும்" என்று அதையும் கடந்து போய்விடுவார். அவரை ஓரிடத்தில் உட்காரவைத்து, கையில் சாப்பாட்டைக் கொடுத்து, வாய் நிறைந்திருக்கும்போது சொல்ல வேண்டும். அதனால் சனிக்கிழமை ராத்திரி அக்கா சொன்னார்: "ஏங்க, நாளைக்கு ஏரிப் பக்கம் போயிட்டு வருவோமா? நாம ரெண்டு பேர் மட்டும். எங்கயாவது நிழல்ல உக்காந்து, நிதானமா."

"பேஷாப் போவோம். ஆனா அந்த ஏரிதானா? வேற..."

"அந்த ஏரிதான்."

எட்டு மாதத்தில் இருவரும் சேர்ந்து வெளியே போகும் முதல் ஞாயிற்றுக்கிழமை அது. அவித்த முட்டை, ரொட்டி, நாலு ஆரஞ்சு, ஒரு ஃப்ளாஸ்க் தேநீர் எல்லாம் அக்காவின் பையில். சுருட்டிய பாய், போருக்குப் போகிறவரின் துப்பாக்கிபோல வீட்டுக்காரரின் தோளில்.

காலை பத்து மணிக்கு ஏரி வாசலில் இறங்கினார்கள். வாசலில் ஏரியின் வரைபடம் ஒன்று இருக்கிறது. வெயிலில் எல்லாம் வெளுத்துப்போய், ஒரு சிவப்புப் புள்ளியும், 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்ற ஒற்றை வரியும்தான் மிச்சம். வீட்டுக்காரர் அதைக் கவனமாகப் படித்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்றாராம்.

நூறடி நடந்ததும் ஒரு பெரிய மரம். சாய்ந்துகொள்ள வசதியாக வேர், முன்னால் தண்ணீர், பக்கத்தில் ஆளில்லை. அக்கா பையை இறக்கி வைத்தார்.

"இங்கயேவா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஏன், இதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு. இரு, வெயில் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துட்டு வரேன்."

மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். அக்கா வேரில் உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை உரித்து, தோலை ஓர் இலையில் வைத்து, ஒவ்வொரு சுளையாகத் தின்றபடி, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தார். கடைசிச் சுளைக்கு அவர் திரும்பி வந்தார், உற்சாகமாக.

"எழுந்திரு, எழுந்திரு. முதல் இடத்துலயே யாராவது உக்காருவாங்களா? இதே இப்படின்னா உள்ள எப்படி இருக்கும்!"

இந்தத் தர்க்கத்தைக் கவனியுங்கள். இடம் மோசமாக இருந்தால் தள்ளிப் போக வேண்டும். நன்றாக இருந்தால், நிச்சயமாகத் தள்ளிப் போக வேண்டும். இவர்களை நிறுத்துவதற்கு உலகத்தில் என்னதான் இருக்கிறது? அக்கா பையைத் தூக்கிக்கொண்டார். அவசரத்தில், குப்பைத்தொட்டியில் போடலாம் என்று வைத்த தோல் வேரின் மேலேயே தங்கிவிட்டது.

இரண்டாவது இடம் தண்ணீருக்கு இறங்கும் படிக்கட்டு. "வாத்து நாத்தம்." மூன்றாவது, கூரை போட்ட மண்டபம். "பேசினா எதிரொலிக்குது பாரு." நான்காவது புல்தரை, ஈரம். ஐந்தாவதாக ஒரு சிமெண்டு பெஞ்சு. ஆனால் அது ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. "இதைப் போட்டவன் யாரு?" என்று அதன் நாலு பக்கமும் சுற்றிவந்து பத்து நிமிடம் விசாரணை நடத்தினார். அக்காவுக்கு அதில் திரும்பி உட்கார்ந்தால்கூடப் போதும் என்றிருந்தது.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, சொல்லு. ஆனா உக்காந்து பேசலாம். நிதானமா. அதுக்குத்தானே வந்திருக்கோம்."

ஆறாவது இடம்தான் உன்னதமானது. ஏரியைப் பார்த்த பெஞ்சு, இரண்டு மரங்களின் நிழல், மெல்லிய காற்று. அதில் வயதான கணவன் மனைவி உட்கார்ந்திருந்தார்கள். "பாத்தியா, இதுதான்! இந்த மாதிரி இடத்தைத்தான் நான் மனசுல வெச்சிருந்தேன்." பத்தடி தள்ளி நின்று அந்த இருவரையும் பார்க்கத் தொடங்கினார். முறைக்கவில்லை, பாவம். பார்த்தார், அவ்வளவுதான். இருபது நிமிடம். பெரியவர் ஒருமுறை சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு மனைவியிடம் ஏதோ சொல்ல, இருவரும் எழுந்து போனார்கள்.

அக்கா பாய்ந்து பையைப் பெஞ்சில் வைத்தார். வீட்டுக்காரர் அசையவில்லை. நெற்றி சுருங்கியது.

"அவங்களே எழுந்து போறாங்கன்னா, இதுல ஏதோ இருக்கு."

"உங்களுக்குப் பயந்துதாங்க போறாங்க!"

"என்னைப் பாத்து யாரு பயப்படுவா? எறும்பா இருக்கும். வா, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாப்போம்."

மணி ஒன்று. மணி இரண்டு. முட்டை பைக்குள் அமைதியாக இருந்தது; அக்காவின் வயிறு அப்படி இல்லை. இன்னொரு தடவை, "ஏங்க, பெரிய டாக்டர் வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு..." என்று தொடங்கினார். "அதோ பாரு, அந்த வளைவுக்கு அந்தப்பக்கம் சூப்பரா இருக்கும்போல" என்றார் அவர். ஆறு மணி நெருங்கிக்கொண்டிருக்கிறது என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். கைப்பேசியை எடுத்து, 'என்னால் முடியாது டாக்டர்' என்று தட்டி வைத்துக்கொண்டார். அனுப்பவில்லை. சும்மா, கை ஓய்ந்துபோய்.

மூன்று மணி சுமாருக்குப் படகுக் கொட்டகையைத் தாண்டித் திரும்பியபோது, அக்கா அதைப் பார்த்தார். சற்றுத் தொலைவில் ஒரு பெரிய மரம். சாய்வாக ஒரு வேர். வேரில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒரு புள்ளி.

ஏரியைச் சுற்றி நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவோம் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கொள்முதல் பிரிவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இந்த இனத்தின் கண், நிற்கும் இடத்தை ஒருநாளும் பார்ப்பதில்லை. அடுத்த இடத்தை மட்டுமே பார்க்கும். அதனால் வந்த இடத்துக்கே வந்தாலும் அது அவர்களுக்கு அடுத்த இடம்தான்.

அக்கா வாயைத் திறக்கப்போனார். திறக்கவில்லை. பதினான்கு வருடத் தொழில் அவர் கையைப் பிடித்து நிறுத்தியது. பையைத் தோள் மாற்றினார். ஃப்ளாஸ்க்கையும் டப்பாவையும் வேண்டுமென்றே சலசலவென்று உருட்டினார். பிறகு, அறையில் கேட்கும் அதே குரலில் கேட்டார்:

"அந்த மரம் எப்படி இருக்கு?"

வீட்டுக்காரர் நின்றார். கண்ணைச் சுருக்கினார். முகம் மலர்ந்தது.

"ஆங்! இதுதான்! பாத்தியா, நிழலைப் பாரு, சாய வேரைப் பாரு. நீ காலையில முதல் இடத்துலயே உக்காந்திருந்தா இது கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்காதுங்க" என்றார் அக்கா.

பாய் விரிந்தது. அஞ்சு மணி நேரத்துக்குப் பிறகு மூணு கொட்டேஷன் உட்கார்ந்தார். முழு முட்டையை வாயில் போட்டுக்கொண்டு சுற்றிலும் ராஜபார்வை பார்த்தவரின் கண், வேரின் மேல் காய்ந்து சுருண்டுகிடந்த தோலில் விழுந்தது.

"சே. நாகரிகமே இல்லாத ஜனங்க. தின்னுட்டு அப்படியே போட்டுட்டுப் போயிருக்கு பாரு."

"நான்தாங்க அது."

"எது?"

"தோலு. காலையில பத்தேகாலுக்கு. நீங்க வெயில் பாக்கப் போயிருந்தப்ப."

முட்டை வாய்க்குள் நின்றது. அவர் மரத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். நூறடி தள்ளி வாசலில் இருந்த வெளுத்த பலகையைப் பார்த்தார். அக்கா அந்த நிமிடத்தை விடவில்லை. புதுக் கிளை, தனி அறை, நாலு பேர், கதவில் பெயர், ஆறு மணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

முட்டை மெதுவாக இறங்கியது.

"நல்லாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்தார். "ஆனா அவசரப்படாம, இன்னும் கொஞ்சம்..." கண் தானாகத் தோலுக்குப் போயிற்று. வாக்கியம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அவர் வாக்கியங்களில் நாள் முழுக்க உட்கார்ந்தது அது ஒன்றுதான்.

தோலிலிருந்து கண்ணை எடுத்து, "நீ என்ன நினைக்கிற?" என்றார்.

"எனக்குப் போகணுங்க."

வீட்டுக்காரர் ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியை நீட்டினார். "அப்பப் போ. நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" இன்னும் யோசித்தார். "நான் அங்க வந்து என்ன பண்றது? நல்ல கம்பெனி இருக்குமா?"

அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டார். "பெரிய ஊருங்க. இதைவிட நல்ல கம்பெனி நிறைய இருக்கும். அப்புறம் நாம வாடகைக்கு வீடும் பாக்கணும்."

"வீடா?"

"ஆமா. எத்தனையோ வீடு இருக்கும். ஒவ்வொண்ணா பாத்துதானே எடுக்கணும்."

அவர் கண்ணில் ஏறிய வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அக்கா அதைச் சொல்லும்போது எங்கள் இருட்டறையில்கூடத் தெரிந்தது. நாலு மணி நேரத் தொலைவில் ஒரு முழு ஊரே தள்ளிப் பார்ப்பதற்காகக் காத்திருக்கிறது! மூன்று நாற்பதுக்கு அக்கா தட்டி வைத்திருந்ததை அழித்துவிட்டு, 'சரி டாக்டர்' என்று அனுப்பினார். வீட்டுக்காரர் எழுந்து பாயைச் சுருட்டத் தொடங்கியது மூன்று நாற்பத்தொன்றுக்கு. "அந்தப் பக்கம் வெயில் இறங்கிடுச்சுபோல. இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காந்தா..."

அக்கா போய் இரண்டு மாதம் ஆகிறது. புது ஊரில் இதுவரை பதினேழு வீடு பார்த்தாயிற்று. இன்னும் கிளைக்குப் பின்னாலுள்ள விருந்தினர் அறையில்தான் இருக்கிறார்கள். "அஞ்சாவது வீடு நல்லா இருந்துச்சு. இன்னும் ரெண்டு வாரம் போகட்டும், வேற வழியா கூட்டிட்டுப் போயி அதையே காட்டறேன்" என்றார் அக்கா போனில். அவர் அறைக்கு ஜன்னல் இருக்கிறதாம். கதவில் பெயரும்.

ஜன்னல் இல்லாத அறையில் இப்போது அக்கா நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். "இதா, அதா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். நோயாளிகளைப் பார்த்து மனத்துக்குள் சிரிக்கவும் செய்கிறேன். சிரிக்க எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களானால், இதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா போகும்போதே கேட்டார், "எனக்குக் கீழ நாலு பேர்ல ஒரு இடம் காலியா இருக்கு, வரியா?" எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியது நான். அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு எங்கே மாட்டுவது என்று எங்கள் அப்பா மூன்று சுவரில் ஆணி அடித்துப் பார்த்தார். இன்னும் அது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவ்வளவு பெரிய பட்டத்தை வைத்துக்கொண்டு, முதலில் கேட்டவரிடமே சரி என்று சொல்லிவிட முடியுமா? "நல்லாத்தான் இருக்குக்கா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இரண்டு மாதம்தான் ஆகிறது. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, என்னை விடுங்கள். நீங்கள் வாருங்கள். இந்த நாற்காலியில் உட்காருங்கள். தாடையை நிமிர்த்துங்கள். பலகையைப் பாருங்கள்.

முதல் லென்ஸ்: நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை.

இரண்டாவது லென்ஸ்: நீங்கள் இந்த இனம்தான்.

எது தெளிவாகத் தெரிகிறது? அவசரம் இல்லை, வெளியே இருபது பேர்தான் காத்திருக்கிறார்கள்.

என்ன சொன்னீர்கள்? முதலில் இருந்ததை இன்னொரு தடவை காட்டட்டுமா?